பதினாறு வண்டித் தண்ணீர்

போன மாதம் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், ஊரில் போட்டிருக்கும் செயற்கைத் தரை ஹாக்கி மைதானத்தைக் காட்டினார்கள். தரை நீல நிறத்தில் இருந்தது. கோவில்பட்டியில் மண் கறுப்பாக இருக்கும். சரளை அடித்தால் சிவப்பாக இருக்கும். நீலமாக நான் பார்த்ததில்லை. கண்ணில்தான் கோளாறோ என்று பயந்துவிட்டேன்; நல்லவேளை, தரைதான் நீலமாம்.

பயிற்சியாளர் தம்பி நல்ல பிள்ளை. பட்டம் வாங்கியவர். கழுத்தில் விசில், கையில் கம்ப்யூட்டர், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. ஆட்டம் தொடங்கும் முன் சுற்றிலும் இருந்த குழாய்கள் தரையெங்கும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தன.

“தரை நனைஞ்சாத்தான் ஆட்டம் சரியா இருக்கும் ஐயா. இதெல்லாம் சயின்ஸ்” என்று எனக்கு விளக்கினார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இந்த சயின்ஸை அவர் அப்பா பிறப்பதற்கு முன்பே இதே ஊரில் செய்து காட்டியவன். அவருக்கு அதற்குச் சம்பளம் தருகிறார்கள். எனக்கு ஆறு மாதம் தண்டனை தந்தார்கள். அதைச் சொன்னதும், “எங்க ஹாக்கி ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க ஐயா” என்று பிடித்துக்கொண்டார். எழுதுகிறேன். பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்ளட்டும், படித்தவர்.

நான் ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமம். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கோவில்பட்டி. பெய்யவில்லை. முதலில் தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கினேன்; பிறகு நூல் மில்லில் பஞ்சு உடைக்கும் இடத்தில் சேர்ந்தேன். மில்லுக்கு ஒரு ஹாக்கி அணி இருந்தது. உடைமரத்தில் வளைந்த கொப்பு பார்த்து வெட்டி மட்டை செய்து, அதைக் கொண்டே அந்த அணிக்குள் நுழைந்தேன். ஆறு வருடம் ஆடினேன். முழங்கால் போனது. கால் போனாலும் வாய் இருக்கிறதே என்று என்னை அணிக்கு மேனேஜர் ஆக்கினார்கள். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். பயிற்சி, படிப்பு எல்லாம் இவ்வளவுதான். மற்றது நானாகக் கற்றுக்கொண்டது.

எனக்கு அணியில் வைத்த பெயர் ‘தீப்பெட்டி’. உரசினால் போதுமாம். ஆட்டத்தின் நடுவில் என்னை மூன்று முறை மைதானத்தை விட்டு வெளியேற்றினார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். ஐந்து முறை. அதில் ஒரு முறை என்மேல் தவறே இல்லை. நடுவர் கண்ணாடி போட்டிருந்தார். எங்கள் பந்து கோலுக்குள் போனது அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கத்தான் உள்ளே போனேன். துடைக்கும்போது அது உடைந்தது.

என்னோடு அதிகம் மோதியவன் சுல்தான். கயத்தாற்றுக்காரன். இடது பக்கம் உள்ளே நின்று ஆடும் இன்சைட் லெப்ட். பந்து அவன் மட்டைக்கு வந்தால் அப்புறம் அது வேறு யாருக்கும் சொந்தமில்லை. மூன்று பேரை ஏமாற்றுவான். நான்காமவனையும் ஏமாற்றலாமே என்று நிற்பான். அந்த நான்காமவன் பிடுங்கிக்கொண்டு போவான். நான் கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டே கத்துவேன்.

“ஏலே சுல்தான், பந்து என்ன உங்க வாப்பா சொத்தாலே? அவனுக்குத் தள்ளுலே!”

“எங்க வாப்பாக்கு ஏது சொத்து அண்ணாச்சி? அதனாலதான் கெடச்சத விடமாட்டேங்கேன்.”

ஒருநாள் பயிற்சியில் அவன் மட்டையைப் பிடுங்கி மில் கொட்டகைக் கூரைமேல் எறிந்தேன். அவன் ஏறி எடுத்தான்; இறங்கி வந்து அதே மட்டையால் என்னையே இரண்டு முறை ஏமாற்றிவிட்டுப் போனான். கோல் காக்கும் கோலி பரமசிவம் தரையில் உட்கார்ந்து சிரித்தான். மில்லின் தண்ணீர் வண்டியை ஓட்டுகிறவனும் இந்தப் பரமசிவம்தான். அவனுக்கு அப்போது சொன்னதை இங்கே எழுத முடியாது. மலரைப் பெண் பிள்ளைகளும் படிப்பார்கள்.

இனி முதலாளியைச் சொல்ல வேண்டும்.

நான் கத்துகிறவன் என்றால் அவர் கத்தவே மாட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒரு கோடு. நீங்கள் என்ன சொன்னாலும் “அப்படியா” என்பார். மில்லே தீப்பிடித்து எரிகிறது என்றாலும் “அப்படியா” என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். அவர் மனது நன்றாக இருந்தால் என்னை “ஏலே” என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். “என்னலே” என்பது “என்னங்க” ஆகும். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். உச்சக் கோபத்தில், “வாங்க, உக்காருங்க” என்று நாற்காலியைக் காட்டுவார். அவர் முன்னால் அப்படி உட்கார்ந்த சூப்பர்வைசர் ஒருவரை மறுநாளிலிருந்து மில்லில் யாரும் பார்க்கவில்லை. அதனால் அவர் அறைக்குள் போகும்போதெல்லாம் நாங்கள் நிற்கவே ஆசைப்பட்டோம்.

அந்த வருடம் சித்திரையில் நடந்த போட்டியில் எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே மெட்ராஸ் அணி. முதலாளிக்கு ஒரே பெருமை. என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே, கோப்பை வருமாலே?”

“வரும் மொதலாளி. ஆனா ஒண்ணு. நம்ம சுல்தான் ரெண்டு வருசமாப் பதிலியாவே கெடக்கான். டீமுல மத்தவன் எல்லாம் பெர்மனன்ட். அவனையும் ஆக்கிப்புடுங்க.”

பதிலி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. ஒவ்வொரு ஷிப்டுக்கும் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். உள்ளே யாராவது வரவில்லை என்றால் டைம் கீப்பர் பெயரைக் கூப்பிடுவார். கூப்பிடாவிட்டால் தூக்குச்சட்டியோடு திரும்பிப் போக வேண்டும். தொழிலாளிகளுக்கு மில் வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்த லைன் வீடு பதிலிக்குக் கிடையாது. அதனால் சுல்தானின் மனைவியும் ஒரு வயதுக் குழந்தையும் கயத்தாற்றில் அவள் அப்பா வீட்டில் இருந்தார்கள். மாமனார் சாப்பாடு போட்டாராம். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே போட்டாராம்.

முதலாளி யோசித்தார். “கோப்பை என் ஆபீஸ் அலமாரியில வந்து உக்காரட்டும். மறுநா அவன் பெர்மனன்ட். வரலைன்னா, இந்தப் பேச்சே இனிமே கெடையாது.”

சுல்தானிடம் சொன்னேன். அன்றைய பயிற்சியில் ஐந்தாவது ஆளையும் ஏமாற்றப் பார்த்தான். அவன் சந்தோஷப்பட்டால் அப்படித்தான்.

மெட்ராஸ்காரர்கள் பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். காய்ந்த தரையில் குதிரை மாதிரி ஓடினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வெறுங்கால். அரையிறுதியில் அவர்கள் ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, காய்ந்த தரையில் இவர்களைப் பிடிக்க முடியாது. அப்போதுதான் என் சயின்ஸ் வேலை செய்தது.

எங்கள் மைதானம் கரிசல் மண்மேல் சரளை பரப்பியது. ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பீப்பாய் வண்டியில் தண்ணீர் கொண்டு வந்து, பின்னால் இருக்கும் துளைக் குழாயால் தெளிக்க வேண்டும். மொத்தம் ஆறு வண்டி. ராத்திரி ஊறவிட்டு, விடியற்காலம் மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் திரி மாதிரி உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு விரல் நீளத்தில் ஒடிந்தால் பதம் சரி. கல் உருளையை இழுத்து விடலாம். ஒடியாமல் நீண்டுகொண்டே போனால் உருளையைத் தொடக் கூடாது. தொட்டால் மைதானமே சுருண்டு உருளையோடு வந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு முறை மைதானத்தைச் சுருட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

ஆறு வண்டிக்குப் பதில் பதினாறு வண்டி ஊற்றினால் என்ன ஆகும்? மேலே வெயிலில் அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும். மிதித்தால் கீழே அல்வா. வெறுங்கால் அதில் அளந்து நடக்கும், விரலைப் பரப்பி எடுக்கும், ஒட்டினால் உதறும். பூட்ஸில் ஒட்டினால் ஒட்டினதுதான். பத்தடி நடப்பதற்குள் காலுக்கு ஒரு படி மண்.

பரமசிவத்திடம் சொன்னேன். அவன் மாட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“பதினாறா? அண்ணாச்சி, சித்திர மாசம். கெணத்துல இருக்கதே லைன் வீட்டுக்குக் காணாது.”

“சொன்னதச் செய்யிலே. பேசிக்கிட்டு நிக்கான்.”

“மாடு கேட்டா என்ன சொல்லட்டும்?”

மாட்டுக்கும் சேர்த்துத் திட்டினேன். பதினாறு வண்டி ஊற்றினோம்.

மறுநாள் காலை என் மனைவி வெறுங்குடத்தோடு வீட்டுக்குள் வந்தாள். லைன் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, கிணற்றில் சேறு, பெண்கள் எல்லாம் குடத்தை வரிசையாக வைத்துவிட்டு நிற்கிறார்களாம். “எந்தப் பாவி தெறந்து விட்டானோ, அவன் வெளங்குவானா?” என்றாள். அந்தப் பாவி காபி கேட்டான். கிடைக்கவில்லை.

பதினொரு மணிக்கு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் ஒரு பெரிய பெட்டி. மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தது. திறந்து காட்டினார். பளபளவென்று புது பூட்ஸ்.

“ஏலே, பெரிய அதிகாரி எல்லாம் ஆட்டம் பாக்க வாராக. போட்டோ பிடிக்காக. நம்ம பயலுவ வெறுங்காலோட நின்னா மில்லு மானம் என்னத்துக்கு ஆகும்? எல்லாவனும் இதப் போட்டுத்தான் எறங்கணும்.”

பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் எட்டாம் நம்பர். முதலாளிக்குக் கால் அளவு எட்டு. ஆகவே உலகத்துக்கே எட்டு.

“மொதலாளி, பயலுவளுக்குப் பழக்கமில்ல. கால் கடிக்கும். இன்னைக்கு வேண்டாம்.”

“அப்படியா.”

“அப்படித்தான்! டீமுக்கு மேனேஜர் நான். காலுல என்ன போடணும்னு நாந்தான் சொல்லணும். பஞ்சு வாங்கப் போகும்போது என்னக் கேட்டா வாங்குதீங்க?”

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நீங்க சொல்லுறது சரிங்க. டீமு உங்களுதுதான். மில்லு என்னுதுங்க. பூட்ஸ் போடாதவங்க நாளைக்கு மில்லுக்குள்ள வரவேண்டாம்.”

‘நீங்க’ வந்துவிட்டது. நல்லவேளை, நாற்காலியைக் காட்டவில்லை. அந்த நிமிடமே தண்ணீர் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் சாமர்த்தியம் மேலே அப்படி ஒரு நம்பிக்கை.

நாலரை மணிக்கு ஆட்டம். மெட்ராஸ் கேப்டன் முதலில் உள்ளே வந்தார். நான்கு அடி வைத்தார். நின்றார். ஒரு காலைத் தூக்கி பூட்ஸின் அடியைப் பார்த்தார். பிறகு குனிந்து மண்ணைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து உருட்டினார்! விசாரித்தால், மனிதர் பிறந்தது விளாத்திகுளம் பக்கமாம். பத்து வருடம் மெட்ராஸ் தண்ணீர் குடித்தும் உள்ளங்கைக்கு மறக்கவில்லை. திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து ஏதோ சொன்னார். பதினொரு பேரில் கோலியைத் தவிரப் பத்துப் பேரும் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார்கள்.

மெட்ராஸ்காரர்கள் வெறுங்காலில் நின்றார்கள். கரிசல் காட்டுப் பிள்ளைகள் எட்டாம் நம்பர் பூட்ஸில் நின்றார்கள். ஆட்டம் தொடங்கியது.

அதை ஆட்டம் என்று சொன்னால் ஹாக்கி மன்னிக்காது. எங்கள் பிள்ளைகள் ஓடவில்லை, உழுதார்கள். வலது ஓரத்தில் ரைட் அவுட் ஆடியவனின் ஒரு பூட்ஸ் மண்ணிலேயே நின்றுவிட்டது, அவன் மட்டும் முன்னால் போனான். சுல்தான் ஆளை ஏமாற்றித் திரும்பினால் பூட்ஸ் திரும்பவில்லை. முப்பத்தைந்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம். பரமசிவம் மட்டும் இல்லாவிட்டால் எட்டு வாங்கியிருப்போம். பூட்ஸ் நம்பருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

இடைவேளையில் எல்லோரும் தரையில் விழுந்து கிடந்தார்கள். நான் வழக்கம்போலக் கத்த வாயைத் திறந்தேன். சுல்தான் காலை நீட்டியபடி என்னைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, இதக் கழட்டினா வேல போகும். கழட்டாட்டா கோப்ப போகும், அப்பவும் வேல போகும். தண்ணி ஊத்தினது நீங்க. எப்படிப் போகணும்னு நீங்களே சொல்லுங்க.”

பரமசிவம் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். சொன்னது யார் என்று கேட்கத் தேவையில்லை.

நான் உட்கார்ந்தேன். சுல்தானின் காலை என் மடியில் வைத்து பூட்ஸ் லேஸைப் பிரித்தேன். மண் அப்பிய முடிச்சு. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். கோலியைத் தவிரப் பத்துப் பேர், இருபது பூட்ஸ். எல்லாவற்றையும் என் கையாலேயே கழற்றினேன், யாரையும் தொட விடவில்லை. ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே நடந்து, பெரிய அதிகாரியும் முதலாளியும் உட்கார்ந்திருந்த பந்தலுக்குப் போய் முன்னால் கொட்டினேன்.

“மொதலாளி, இவனுவ யாரும் கழட்டல. நாந்தான் கழட்டினேன். தரையில தண்ணி ஊத்தினதும் நாந்தான். பதினாறு வண்டி. யாரத் தொலைக்கணுமோ என்னத் தொலைங்க.”

முதலாளி பூட்ஸ் குவியலைப் பார்த்தார். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி இருந்தது.

“வாங்க” என்றார். “உக்காருங்க.”

உட்கார்ந்தேன். இரண்டாம் பாதி முழுவதும் அங்கேதான் இருந்தேன். என் வாழ்க்கையில் நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு பார்த்த ஒரே ஆட்டம் அது.

“பதினாறா?” என்று முதலாளி ஆட்டத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஆமா மொதலாளி.”

“காலையில லைன்ல பொம்பளைக வெறுங்குடத்தோட நின்னாகளே. நீங்க பாக்கலையோ?”

“பாத்தேன்.”

“அப்படியா.”

அங்கே சுல்தான் வெறுங்காலில் நான்கு பேரை ஏமாற்றி ஒரு கோல் போட்டான். எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது. அந்த நாற்காலியிலிருந்து எழுவதற்குத் தைரியம் வரவில்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவனுக்கு மறுபடி பந்து வந்தது. இரண்டு பேரை ஏமாற்றினான். மூன்றாமவன் வந்தான். சரி, போச்சு என்று கண்ணை மூடினேன். சத்தம் கேட்டுத் திறந்தால், சுல்தான் பந்தை ரைட் அவுட்டுக்குத் தள்ளியிருக்கிறான்! வாங்கினவனே நம்பவில்லை, ஆனால் அடித்துவிட்டான். இரண்டுக்கு இரண்டு.

பிற்பாடு ஒருநாள் அவனிடம் கேட்டேன், அன்றைக்கு மட்டும் எப்படி உனக்குத் தள்ளத் தோன்றியது என்று.

“நீங்க கோட்டோரம் நின்னு கத்தல அண்ணாச்சி. அதான் ரைட் அவுட் கூப்பிட்டது காதுல விழுந்துச்சு.”

இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பயிற்சியாளர் தம்பிக்கு உபயோகப்படலாம் என்று எழுதி வைக்கிறேன்.

கூடுதல் நேரம் கொடுத்தும் கோல் விழவில்லை. வெளிச்சம் போனது. இரண்டு அணிக்கும் கோப்பை என்றார்கள். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம்; ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆறு மாதம் யாருக்கு என்று காசைச் சுண்டினார்கள். மெட்ராஸுக்கு விழுந்தது. கேப்டன் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, போகிற போக்கில் என் பக்கம் குனிந்து, “மண்ணு நல்ல பதம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் முதலாளி அறையில் நானும் சுல்தானும். எனக்கு நாற்காலி. அவனுக்கு இல்லை, அவனுக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம்.

“மொதலாளி, அதுவும் ஜெயிச்ச மாதிரிதான்” என்று ஆரம்பித்தேன்.

“கோப்பை எங்கங்க இருக்கு? என் அலமாரியில காணோமே” என்றார். “வரட்டும். வந்த மறுநா இவன் பெர்மனன்ட். அதுவரைக்கும் கேட்டுல நிக்கட்டும். பூட்ஸக் கழட்டினது நீங்கதான, பயலுவ வேலைக்கு வரட்டும். உங்களுக்குத் தண்ணி ஊத்துறதுல ரொம்பப் பிரியம்போல. அந்த ஆறு மாசமும் டீமப் பரமசிவம் பாத்துக்கிடுவான். அவன் வண்டிய நீங்க பிடிங்க. லைன் வீடு ஒவ்வொண்ணுக்கும் தெனமும் நீங்கதான் கொண்டுபோய் ஊத்தணும்.”

பஞ்சு வேலையும் பார்த்து, ஷிப்ட் முடிந்ததும் வண்டியும் ஓட்டினேன். மில் கிணறு சேறாகக் கிடந்ததால் ஒரு மைல் தள்ளி ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறைத்தேன். பெண்கள் லேசில் விடுவார்களா? “மேனேஜர் வாரார், மைதானத்துக்குப் போறதுக்குப் பதிலா இங்க வந்துட்டார்” என்பாள் ஒருத்தி. “எங்க வீட்டுல பதினாறு குடம் ஊத்துங்கண்ணாச்சி, நாங்களும் ஆக்கி ஆடுதோம்” என்பாள் இன்னொருத்தி. என் மனைவிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். நான் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கூட அப்படி இருக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

காலை ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்டில் சுல்தானைப் பார்ப்பேன். சில நாள் அவன் பெயரைக் கூப்பிடுவார்கள். பல நாள் கூப்பிட மாட்டார்கள். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐப்பசியில் கோப்பை வந்தது. அலமாரியில் வைத்தார்கள். முதலாளி பேச்சு மாறவில்லை. மறுநாளே சுல்தானுக்கு பெர்மனன்ட் கார்டு. அந்த வாரமே லைனில் கடைசி வீடு.

என் ஆறு மாதம் முடிகிற அன்று சாயங்காலம் வண்டியோடு லைனுக்குள் நுழைந்தேன். முதலாளி காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

“ஏலே!” என்றார்.

ஆறு மாதம் கழித்து அதைக் கேட்கிறேன். மாட்டை நிறுத்தினேன்.

“வண்டிய அவுத்து விட்டுட்டு வாலே. நாளையிலேருந்து டீம நீ பாரு. பரமசிவம் ரொம்பச் சாதுவா இருக்கான், ஒருத்தனும் பயப்பட மாட்டேங்கான்.”

“வாரேன் மொதலாளி. இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கு.”

“யாரு வீடுலே?”

“கடைசி வீடு. சுல்தான் பொண்டாட்டி புள்ளையோட இன்னைக்குத்தான் கயத்தாத்துலேருந்து வந்திருக்கா. தொட்டி காலியாக் கெடக்கு.”

“அப்படியா” என்றார் முதலாளி. டிரைவரிடம் காரை ஓரமாக ஒதுக்கி வண்டிக்கு வழி விடச் சொன்னார்.